புவியியல் எடுக்கலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது ப்ளஸ் டூ ஹியூமானிட்டீஸ் முடித்திருக்கிறேன். ஜியாக்ரபியில்தான் அதிக மார்க். ப்ளஸ் ஒன்னில் பாறை, காற்று, மழை என்று படித்தோம். ப்ளஸ் டூவில் மக்கள்தொகை, குடியிருப்பு, தொழில். இரண்டும் பிடித்திருந்தது, ஆனால் இரண்டும் ஒரே பாடம் மாதிரி தெரியவில்லை. காலேஜில் எதையாவது ஒன்றை விட்டுவிட வேண்டி வருமா? கணக்கில் நான் சுமார்தான். இங்கிலீஷும் பயம். "மேப் பார்க்க எதுக்கு டிகிரி, போன்லயே இருக்கே" என்கிறார் மாமா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பி.காம். எடுத்தால் அவருக்கு நிம்மதி என்று அம்மா சொன்னார். இன்னொன்று. எங்கள் தோப்பில் கள் இறக்குகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தோப்பில் அதே மரம், அதே மண். அங்கே இறக்கினால் கேஸ். இது எந்தப் பாடத்தில் வரும்?

பதில்: அன்புள்ள கண்ணு, உன் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ அதைப் போகிறபோக்கில் கேட்டிருக்கிறாய். எனக்குக் கடிதத்தில் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முப்பது வருடம் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை முதலாண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அந்த வருடம் எனக்கு நல்ல வருடமாக இருக்கும்.

உங்கள் தோப்புக்கும் பெரியப்பா தோப்புக்கும் நடுவில் மண் மாறவில்லை, மழை மாறவில்லை, பேச்சும் மாறவில்லை. தென்னை அங்கே வளருமா என்பதை மண்ணும் நீரும் முடிவு செய்கின்றன. அந்தத் தென்னையிலிருந்து எதை எடுக்கலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் உரிமம் இருந்தால் இறக்கலாம். அதனால் சித்தூர் தாலுகாத் தோப்புகளிலிருந்து (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்) கள் ஏற்றிய வண்டிகள் மேற்கே பல மாவட்டங்களுக்குப் போகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் அதே தென்னை இளநீராகவும் கொப்பரையாகவும் லாரி ஏறுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார். மரம் ஏறுபவர் யார், எந்த ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார்? கள்ளுக்கு விட்ட மரத்துக்கும் காய்க்கு விட்ட மரத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுவதில் வித்தியாசம் உண்டா? எல்லையின் இரு பக்கமும் நிலத்தின் விலை ஒன்றுதானா?

வால்டோ டோப்ளர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1970-இல் ஒரு விதி சொன்னார். எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் அருகில் இருப்பவை தொலைவில் இருப்பவற்றைவிட அதிகத் தொடர்புடையவை என்பது அதன் சாரம். முதல் வருடத்திலேயே இதைப் படிப்பாய். உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அந்த விதி பாதி பொருந்தி, பாதி உடைகிறது. உடைக்கும் கோடு மாநில எல்லை. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தது 1956 நவம்பர் 1-இல்தான். பிரிட்டிஷ் காலத்தில் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலேயே பாலக்காடு நகரம் பிரிட்டிஷ் ஆட்சியின் மலபார் மாவட்டத்தில். கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம். ஒரு சமஸ்தானமும் இரண்டு பிரிட்டிஷ் மாவட்டங்களும் உரசிக்கொண்ட இடத்தில்தான் உங்கள் தோப்பு இருக்கிறது. இது எந்தப் பாடம் என்று கேட்டாயே, அரசியல் புவியியல், வேளாண் புவியியல், மக்கள் இடப்பெயர்வு எல்லாம்தான். மண்ணைத் தெரியாமல் இவற்றில் எதையும் எழுத முடியாது.

சரி, இரண்டு புத்தகம், ஒரே பாடமா என்ற கேள்விக்கு வருகிறேன். ப்ளஸ் ஒன்னுக்கு இயற்கைப் புவியியல், ப்ளஸ் டூவுக்கு மானிடப் புவியியல் என்று பிரித்து வைத்ததால் உனக்கு அப்படித் தோன்றுகிறது. அது பாடம் நடத்தும் வசதிக்காகச் செய்த பிரிவு. நிலத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது.

ஆடி மாதம் உன் வீட்டு வாசலில் நின்று பார். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. உங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட வானிலை அறிக்கை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டும் 2600 மீட்டருக்கு மேல் போகிற மலைகள். நடுவில் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் ஒரு தாழ்வான வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழையாகும். கணவாயில் மோத மலை இல்லை. காற்று நேராக ஓடிவிடுகிறது. தெற்கே நெல்லியாம்பதி மலையும் தன் பங்கு மழையை முன்னாலேயே வாங்கிக்கொள்கிறது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். உங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூட இல்லாத இடங்கள் உண்டு. அதனால்தான் உங்கள் பக்கம் பனைமரம் நிற்கிறது. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் சித்தூருக்குத்தான் வர வேண்டும்.

அந்த வாசல் இன்னொன்றும் செய்திருக்கிறது. மலை உச்சிச் சோலைக் காட்டில் வாழும் சில சிறு பறவைகளுக்கு இந்தத் தாழ்வான, வெப்பமான வெளியைக் கடக்க முடியவில்லை. நீலகிரிப் பக்கம் ஓர் இனம், ஆனைமலை, பழனி மலைப் பக்கம் அதற்கு உறவான வேறோர் இனம் என்று பிரிந்துவிட்டன. பறவைக்குச் சுவரான அதே இடம் மனிதனுக்கு வழி. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கொங்கு நாட்டுக்கு வணிகர்கள் இதன் வழியாகத்தான் வந்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பேப்பூருக்கு ரயில் பாதை போட்டபோதும் இதைத்தான் தேடிப் பிடித்தார்கள். உங்கள் பக்கத்து ஊர் வேலந்தாவளம். தாவளம் என்றால் தங்குமிடம். பொதி மாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய இடமாக அது இருந்திருக்குமா? எருத்தேம்பதி, வடகரப்பதி என்று ஏன் இத்தனை 'பதி'கள்? கொழிஞ்சாம்பாறையில் பாறை எங்கே, கொழிஞ்சிச் செடி எங்கே? இவற்றுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல ப்ராஜெக்ட் செய்யலாம் என்று உனக்கு ஆசை காட்டுகிறேன், அவ்வளவுதான்.

எதையாவது விட வேண்டி வருமா என்று கேட்டாய். டிகிரி முடியும் வரை வராது. மேற்படிப்பில் ஆழமாகப் போகும்போது நிலவடிவமா, காலநிலையா, நகரமா, மக்கள்தொகையா என்று ஒன்றைக் கையில் எடுப்பாய். அப்போதுகூட மற்றதை முழுசாக விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். எவ்வளவு மழை பெய்தது, சரிவின் கோணம் என்ன, பாறையின் மேல் மண் எவ்வளவு கனம் என்பதெல்லாம் மலை ஏன் சரிந்தது என்று சொல்லும். அந்தக் குடும்பங்களின் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) ஏன் அந்தச் சரிவின் கீழே வரிசையாக நின்றன, தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு வேறிடத்தில் ஒரு துண்டு நிலம்கூட ஏன் இல்லை என்பதைச் சரிவின் கோணம் சொல்லாது. அதற்குத் தோட்டங்களின் வரலாறும் கூலியும் நில உரிமையும் தெரிய வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மறுபடி நடந்தது. இரண்டு புத்தகத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் படித்தவர்கள் நமக்கு நிறையப் பேர் வேண்டும். இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. அந்தச் செய்திகளைப் படித்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி கல்லூரியில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். முதல் வருடம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பாறை வகை, வளிமண்டல அடுக்கு, கடல் நீரோட்டம் என்று ப்ளஸ் ஒன்னில் படித்ததே இன்னும் தடிமனாக வரும். கூடவே பிராக்டிகல். உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் எப்படி விரிப்பது என்று ப்ரொஜெக்‌ஷன் வரைய வேண்டும். விரல் எல்லாம் பென்சில் கரி. டோபோஷீட் என்று மாணவர்கள் சொல்லும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தைப் படிக்கப் பழகுவாய். 1:50,000 அளவு, தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். உங்கள் ஊர் 58 பி என்ற எண்ணில் தொடங்கும் தாளில் வரும். முதல்முறை அதில் உன் ஊர் ஓடையையும் குளத்தையும் கோயிலையும் அடையாளம் காணும் நாள் மறக்காது. இரண்டாம் வருடத்துக்கு மேல் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தைப் படிப்பது), ஜி.ஐ.எஸ். (கம்ப்யூட்டரில் வரைபடத்தோடு தகவலைச் சேர்த்துக் கையாள்வது), புள்ளியியல், பண்பாட்டுப் புவியியல், குடியிருப்புப் புவியியல், இந்தியாவும் உலகமும், அப்புறம் களப்பணியும் அறிக்கையும். களப்பணிதான் இந்தப் படிப்பின் உயிர் என்பது என் எண்ணம். பத்து நாள் ஒரு கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைக்கும் நோட்ஸை மட்டும் படித்த பிள்ளைக்கும் இருக்கும் வித்தியாசம் ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

கணக்கைப் பற்றி. சராசரி, விலக்கம், இரண்டு விஷயங்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவு, கொஞ்சம் முக்கோணவியல். இவ்வளவு இருந்தால் டிகிரிக்குப் போதும். கணக்குப் புத்தகத்தில் பயமுறுத்தும் சைனும் டேனும் கையில் கருவியோடு மைதானத்தில் நிற்கும்போது வேறு முகம் காட்டும். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டித்தான் இந்தியா முழுவதையும் அளக்கும் வேலை ஆரம்பித்தது. அடிப்படையில் உன் பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய பொறுமை வேறு. நான் மாணவியாக இருந்தபோது காம்பஸ் (திசைகாட்டி) சர்வேயில் மைதானத்தைச் சுற்றி அளந்து முடித்துத் தாளில் வரைந்தால், கிளம்பிய புள்ளிக்குக் கோடு திரும்பி வரவே இல்லை. மூன்று முறை செய்தும் வரவில்லை. அழுதுவிட்டேன். என் ஆசிரியை என்னை மறுபடி அதே இடங்களுக்குக் கூட்டிப் போனார். அளவு எடுக்கும் புள்ளிகளில் ஒன்றில் இரும்புக் கேட்டுக்கு அருகில் நின்று அளவு எடுத்திருந்தேன். முள் இரும்பின் பக்கம் இழுபட்டிருந்தது. கணக்கு சரிதான், நின்ற இடம்தான் தவறு. அன்றிலிருந்து எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் இதை எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

இங்கிலீஷ் பயம் நியாயமானது. தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் முதல் இரண்டு செமஸ்டர் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பாடம் புரியாமல் திணறியவர்கள் குறைவு. சொல் புரியாமல் திணறியவர்களே அதிகம். ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லையும் மலையாளச் சொல்லையும் உங்கள் ஊரில் அதற்கு என்ன சொல்வார்கள் என்பதையும் எழுது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கொங்குப் பக்கம் சிற்றோடையைப் 'பள்ளம்' என்பார்கள். வேறு ஊர்க்காரருக்குப் பள்ளம் என்றால் குழி. உங்கள் பக்கம் கம்பாலத்தறை ஏரி, வெங்கலக்கயம் ஏரி என்று சொல்கிறீர்கள், மேற்கே போனால் அந்த 'ஏரி' என்ற சொல்லே காதில் விழுவது குறைந்துவிடும். மூன்று மொழியில் ஒரு நிலத்தைச் சொல்லத் தெரிந்தவளுக்குக் களத்தில் கிடைக்கும் தகவல் ஒற்றை மொழிக்காரருக்குக் கிடைக்காது. தோப்பில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், அறிக்கையில் இங்கிலீஷ். எல்லையில் பிறந்ததால் உனக்கு வந்த சொத்து இது.

எங்கே சேர்வது? பக்கத்திலேயே சித்தூர் அரசுக் கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. கிழக்கே போனால் கோவை அரசு கலைக் கல்லூரி. சில இடங்களில் பி.எஸ்சி. என்றும் சில இடங்களில் பி.ஏ. என்றும் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துக் கலங்காதே. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்கு வருட முறை வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் டிகிரியோடு வெளியே வரலாம், நான்காவது வருடம் இருந்தால் ஆனர்ஸ். எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் ஒரு நாள் நேரில் போய், சீனியர் பிள்ளைகளிடம் மூன்று விஷயம் கேள். போன வருடம் களப்பணிக்கு எங்கே போனார்கள், எத்தனை நாள்? கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, கையில் கொடுக்கிறார்களா? கம்ப்யூட்டர் லேபில் ஒருவருக்கு ஒரு மெஷின் கிடைக்குமா? அவர்கள் முகமே பதில் சொல்லும்.

மாமாவுக்கு என்ன சொல்வது என்றால், போனில் மேப் இருக்கிறது என்பது உண்மைதான், அதை யாரோ ஒருவர் செய்து வைத்ததால் இருக்கிறது. ஜி.ஐ.எஸ். வேலை என்பது அதுதான். குடிநீர்க் குழாய், மின்கம்பி, நிலப் பதிவு, பயிர்க் காப்பீடு, பேரிடர் மேலாண்மை என்று பல துறைகளுக்கு அது தேவைப்படுகிறது. 2021-இல் மத்திய அரசு வரைபடத் தகவலுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் வழி விரிந்திருக்கிறது. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. வெறும் டிகிரிச் சான்றிதழைக் காட்டினால் இந்த வேலை கிடைக்காது. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். முதல் வருடத்திலேயே அதைக் கையில் எடு. டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பழகலாம். ஆசிரியர் ஆக விருப்பம் என்றால் பி.எட். முடித்துச் சமூக அறிவியல் ஆசிரியராகலாம், முதுகலையும் செட் தேர்வும் முடித்தால் ப்ளஸ் டூவுக்கு எடுக்கலாம், நெட் தேர்வு முடித்தால் கல்லூரி. சிவில் சர்வீஸுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் நிறைய. அதற்காக மட்டுமே இந்த டிகிரிக்கு வருபவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. களத்துக்குப் போகும் நாளில் அவர்கள் மனம் வேறெங்கோ இருக்கும்.

வெயிலில் நடக்கப் பிடிக்காது, தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சம், அது மாறவும் வேண்டாம் என்று நினைத்தால் பி.காம். எடு, அதில் ஒரு குறையும் இல்லை. பெண்பிள்ளையை ஊர் ஊராக அனுப்ப வேண்டுமா என்ற கவலை அம்மாவுக்கு இருந்தால், களப்பணிக்குக் குழுவாகத்தான் போவோம், ஆசிரியை கூடவே இருப்பார் என்று சொல். என் வகுப்பில் கடைசிப் பத்து வருடம் பெண்கள்தான் அதிகம். வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்து, கிணறு வற்றிய கதையைப் பாட்டிமார் சொல்வது அவர்களிடம்தான்.

அப்பாவைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். தோப்பு வைத்திருப்பவர், பேசாமல் இருக்கிறார். உங்கள் பகுதியில் தோப்புக்காரரின் மனதில் என்ன ஓடும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தண்ணீர். சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்ட பகுதி என்று அரசுக் கணக்கிலேயே வந்தது. பக்கத்தில் பிளாச்சிமடையில் 2000-இல் ஒரு குளிர்பான ஆலை வந்ததும், கிணறுகள் கெட்டதை எதிர்த்து 2002-இல் போராட்டம் தொடங்கியதும், எரவாளர் பழங்குடிப் பெண்ணான மயிலம்மா அதன் முன்னால் நின்றதும், 2004-இல் ஆலை நின்றதும் அப்பாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பதும், எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதும் டீக்கடையில் தினமும் ஓடும் பேச்சுதானே.

அட்மிஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை செய். உங்கள் தோப்பைச் சுற்றி இருபது கிணறும் போர்வெல்லும் தேர்ந்தெடு. ஒவ்வொன்றுக்கும் எந்த வருடம் தோண்டியது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது எத்தனை அடி, என்ன பயிருக்குப் பாய்கிறது என்று கேட்டு எழுது. எந்த இடம் என்பதைப் போனில் குறித்துக்கொள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தோப்பைச் சுற்றியும் ஐந்தாறு எடு. பிறகு ஒரு பெரிய சார்ட் பேப்பரில் ஊரை வரைந்து ஒவ்வொரு கிணற்றையும் புள்ளியாக வை. ஆழத்துக்கு ஒரு நிறம், வயதுக்கு ஓர் அடையாளம். கீழே, இடமிருந்து வலமாக வருடங்கள், மேலிருந்து கீழாக அடிக்கணக்கு என்று ஒரு கோட்டுப்படமும் போடு.

அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முன்னால் விரித்து வை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்த வருடத்திலிருந்து கோடு கீழே இறங்க ஆரம்பித்தது, அந்த வருடம் என்ன நடந்தது என்று அவரே விரல் வைத்துச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதிக்கொள். எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.